முதல் அத்தியாயத்தில் இருந்த பெண்

எனக்குக் கல்யாணம் ஆனபோது வயது இருபத்தாறு. பாளையங்கோட்டையில் அந்தக் காலத்தில் அந்த வயதுப் பெண்ணை யாரும் கல்யாணப் பெண் என்று சொல்லமாட்டார்கள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் எட்டு வருஷமாக டீச்சராக இருந்தேன். அம்மா இல்லை. அப்பா உபதேசியார், சபை எங்கே அனுப்புகிறதோ அந்த ஊருக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார். எனக்கு மாப்பிள்ளை தேட யாருக்கும் நேரம் ஒழியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

கடைசியில் வந்தவர் முன்சீப் கோர்ட்டில் குமாஸ்தா. முப்பத்து நாலு வயது. முதல் மனைவி வாந்திபேதியில் இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. அதிகம் பேசமாட்டார் என்று சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்கள். அது குறையாக எனக்குத் தோன்றவில்லை. பகல் முழுவதும் அறுபது பிள்ளைகளின் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவளுக்குப் பேசாத வீடு நல்லதுதானே என்று நினைத்தேன்.

ஆனால் அவர் பேசாமல் இருந்தது நான் நினைத்ததைவிட அதிகம். காலையில் "வாரேன்." மாலையில் "வந்துட்டியா." சாப்பிட்டு எழுந்திருக்கும்போது "நல்லாருந்து." மூன்று மாதம் இப்படியே போயிற்று. கோர்ட்டிலிருந்து வந்ததும் முகம் கழுவிவிட்டு, ஜன்னல் பக்கம் மேஜையில் உட்கார்ந்து எழுதுவார். கோர்ட்டு வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து செய்கிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

வானத்தில் வால் நட்சத்திரம் தெரிகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், நான் பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவர் வந்து, நூல் போட்டுத் தைத்த சில காகிதங்களை அந்த நோட்டுகளின் மேல் வைத்தார்.

"ஒரு கதை," என்றார். "முத அத்தியாயம். மாசக் கடைசிக்குள்ள பத்திரிகைக்காரர் கேக்காரு. நல்லாருந்தா மாசா மாசம் போடுதேன்னு சொல்லுதாரு. நீ பிள்ளைக எழுதுனதத் திருத்துதவதானே. இதயும் கொஞ்சம் பாக்கியா?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியதே இல்லை. பார்க்கிறேன் என்றேன். அவர் உடனே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார், நான் படிக்கும்போது பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதுபோல.

பதினைந்து பக்கம் இருந்தது. முதல் ஆறு பக்கத்தில் கதை என்று ஒன்றும் இல்லை. சீரும் சிறப்பும் செழித்தோங்கித் தேவலோகமோ எனக் கண்டோர் மயங்க விளங்காநின்ற திருநெல்வேலிச் சீமை என்று தொடங்கி, மாட மாளிகை, சோலை, குயில், நதியாகிய மங்கை என்று போய்க்கொண்டே இருந்தது. பிறகு ஒன்றரைப் பக்கம் கதாநாயகியின் கற்பின் பெருமை. அப்போது வந்த கதைப் புத்தகங்கள் பலவும் அப்படித்தான் தொடங்கும். அவரும் அவற்றைப் படித்து அவற்றைப்போலவே எழுதியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேதக் கோயிலில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லுவது என் வேலை. கதையின் தொடக்கம் சரியில்லை என்றால் மூன்றாவது வாக்கியத்தில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் சடையைப் பிடித்து இழுக்கும். எனக்குத் தெரிந்த இலக்கணம் அதுதான். அவருடைய ஆறு பக்கத்தைச் சொல்லியிருந்தால் அந்த வகுப்பில் ஒரு சடையும் மிஞ்சியிருக்காது.

எட்டாம் பக்கத்தில் ஒரு பெண் குடத்தோடு படித்துறைக்கு வந்தாள்.

அங்கிருந்து எழுத்தே வேறாகிவிட்டது. வாக்கியங்கள் குட்டையாயின. 'விளங்காநின்ற' எல்லாம் போய்விட்டது. அவள் புளியும் மணலும் போட்டுப் பித்தளைக் குடத்தை விளக்குகிறாள். கழுவிவிட்டுக் குடத்தைத் திருப்பி அதன் வயிற்றில் தன் முகத்தைப் பார்க்கிறாள். குடத்தின் வளைவில் முகம் பூசணிக்காய்போல் அகன்று தெரிகிறது. அதைப் பார்த்துக் கன்னத்தை உப்பிக்கொண்டு இன்னும் அகலமாக்குகிறாள். தானே சிரித்துக்கொள்கிறாள். பிறகு யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதவள்போல் தண்ணீர் மொள்ளுகிறாள். கரையில் மருத மரத்தின் அடியில் ஒருவன் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். கடைசிவரை நின்றுகொண்டே இருக்கிறான். 'அந்தப் பெண் யார்? அவள் கதி என்னவாயிற்று? மேலே காண்க' என்று அத்தியாயம் முடிந்திருந்தது.

நான் அதை இரண்டாம் தடவை படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. முன்பக்கங்களில் கதாநாயகிக்கு ஒரு பெரிய வடமொழிப் பெயர் கொடுத்து, பத்துத் தடவை அந்தப் பெயரைச் சொல்லியிருந்தார். படித்துறைப் பக்கங்களில் அந்தப் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. வெறும் 'அவள்' மட்டும்தான். எழுதும்போது பெயரையே மறந்துபோயிருக்கிறார்.

மூன்றாம் தடவை படித்தபோது, அந்தக் கன்னம் உப்புகிறதை யாரும் யோசித்து எழுத முடியாது என்று எனக்குப் புரிந்தது. அது கண்ணால் கண்டது. அவருடைய பழைய வீடு வண்ணாரப்பேட்டையில் ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் அவரோடு இருந்தவள் யார் என்றும் தெரியும்.

எனக்கு வருத்தமாக இருந்தது. அதை மறைத்து என்ன செய்ய? மூன்று மாதமாக அந்த வீட்டில் நானும் குடம் விளக்குகிறேன். இந்த மனிதர் ஒரு நாள் நிமிர்ந்து பார்த்ததில்லை. இவளைப் பார்த்து ஏழு பக்கம் எழுதியிருக்கிறார். எழுந்து அடுக்களைக்குப் போய், எங்கள் வீட்டுக் குடத்தைக் கவிழ்த்து என் முகத்தைப் பார்த்தேன். கன்னத்தை உப்பிப் பார்த்தேன். இருபத்தாறு வயது டீச்சருக்கு அது நன்றாகவே இல்லை. சிரிப்பு வந்தது. சிரிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுகை எனக்காகத்தான் தொடங்கியது. கொஞ்ச நேரம் போனபிறகு அவளுக்காகவும் அழுதேன் என்று நினைக்கிறேன். என்னைவிடச் சின்னவள் அவள். விளையாட்டுக் குணம் போகுமுன்னே போய்விட்டாள்.

மறுநாள் கோயில் முடிந்து வந்து சாப்பிட்டபின், காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தேன்.

"முத ஏழரைப் பக்கமும் வேண்டாம்," என்றேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "வேண்டாம்னா? அத எழுத ஒன்றரை மாசம் ஆச்சு. ஊரச் சொல்லாம கதைய எப்படி ஆரம்பிக்க?"

"உங்க கோர்ட்டுல சாட்சி சொல்லுதவன் எப்படி ஆரம்பிக்கான்? நதியாகிய மங்கைன்னா ஆரம்பிக்கான்?"

அவர் பத்து வருஷமாகச் சாட்சிகள் சொல்லுவதை எழுதுகிறவர்.

"'நான் காலையில ஆத்துக்குப் போனேன், அங்கன இவன் நின்னான்'ம்பான். அதுலேயே ஊரு இருக்குல்லா? படித்துறை வந்துட்டு, மருத மரம் வந்துட்டு. இதுக்கு மேல எதுக்கு ஊரு?"

"பத்திரிகைக்காரர் வர்ணனை கேப்பாரு."

"கேக்கட்டும். இன்னொண்ணு. கடைசியில 'அவ யாரு'ன்னு ஏன் கேக்கிய? உங்களுக்குத் தெரியும்லா."

அவர் என்னைப் பார்த்தார். நான் பேச்சை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் எனக்குத் தைரியம் போயிருக்கும்.

"இந்த ஆளு ஏன் நிக்கான்னு எனக்குப் புரியல. அவ வாரதுலேருந்து போற வரைக்கும் நிக்கான். ஒரு வார்த்த பேசல, நகரவும் இல்ல. இவனுக்கு வேல சோலி ஒண்ணும் கிடையாதா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு பைய, மெதுவாகச் சொன்னார்.

"கோர்ட்டுக்குப் போற வழிதான். தெனமும் அந்த மரத்தடியில கொஞ்சம் நின்னுட்டுப் போவேன். அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா அப்படி மூஞ்சிய வச்சுச் சிரிச்சிருக்க மாட்டா." அவளுடைய கடைசி நாளையும் சொன்னார்: "அன்னைக்கு மட்டும் நேரமாயிட்டு. நிக்காமப் போயிட்டேன். மத்தியானம் ஆளு வந்து கூப்பிட்டான். சாயங்காலம் முடிஞ்சிட்டு."

நான் அவர் எழுதியதைத் திருத்த உட்கார்ந்தவள். அதற்கு என்ன திருத்தம் சொல்ல முடியும்? அவர் கை மேஜைமேல் இருந்தது. அதன்மேல் என் கையை வைத்தேன். அவர் கையை எடுக்கவில்லை.

"அப்போ அத எழுதுங்க," என்றேன். "அவன் நிக்கட்டும். இந்தக் கதையில அவனுக்கு நேரமாக வேண்டாம்."

அதன்பின் மூன்று வாரம் அந்த அத்தியாயத்தோடு இருந்தோம். மாலையில் அவர் எழுதியதை வாசிப்பார். நான் பயறு உடைத்துக்கொண்டோ கீரை ஆய்ந்துகொண்டோ கேட்பேன். முதல் வாக்கியத்துக்கே நாலு நாள் ஆயிற்று. 'ஒரு நாள் காலையில் ஒரு பெண் படித்துறைக்கு வந்தாள்' என்று எழுதிக்கொண்டுவந்தார்.

"ஒரு நாளா வந்தா?" என்று கேட்டேன்.

"தெனமும்தான்."

"அப்போ 'வந்தாள்' தப்பு. 'வருவாள்'னு போடுங்க."

அவர் அதை எழுதிப் பார்த்தார். 'அவள் குடத்தை மூன்று தடவை விளக்குவாள்.' எழுதிவிட்டுச் சத்தமாக வாசித்தார். பள்ளிக்கூடத்தில் எட்டு வருஷமாக அந்த வினையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். வழக்கமாய் நடந்ததற்கும் இனிமேல் நடக்கப்போவதற்கும் தமிழில் அது ஒன்றே வடிவம். இறந்துபோன ஒருத்தி அந்த வாக்கியத்துக்குள் நாளைக்கும் வருவாள்போல இருந்தது. நான் யோசித்துச் சொன்னதல்ல அது. ஒரு கட்டுரை நோட்டில் பிழை திருத்துகிறமாதிரிதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு நான் கேட்கக் கேட்க அவர் சொல்லிக்கொண்டே வந்தார். வெயில் எந்தப் பக்கமிருந்து விழும், தண்ணீரில் முதலில் எந்தக் காலை வைப்பாள், சேலை என்ன நிறம். ஒன்றுக்கு மேல் ஒன்றாக வந்தது. கதைக்கு வேண்டாத விஷயங்களும் வந்தன. அவளுக்குப் பல்லிக்குப் பயம், இடிக்குப் பயமில்லை. உப்பு அதிகமாய்ப் போட்டுவிட்டு, ஆற்றுத் தண்ணீரே இன்றைக்குக் கரிக்கிறது என்று சாதிப்பாள். இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். அவர் சத்தமாகச் சிரித்து நான் முதலில் கேட்டது அன்றைக்குத்தான். எனக்குள் இருந்த வருத்தம் எப்போது போயிற்று என்று குறித்துச் சொல்லத் தெரியவில்லை. அவளைப் பற்றி இன்னும் கொஞ்சம் கேட்போம் என்று நானே மாலைக்காகக் காத்திருக்க ஆரம்பித்திருந்தேன். அவரும் எழுத்து விஷயம் பேசும்போது மட்டும் என்னை "டீச்சரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார். "டீச்சரம்மா, இந்த எடத்துல குருவி வரலாமா?" என்பார். வரக்கூடாது என்றால் அந்த வரியை அடித்துவிடுவார்.

புதிய அத்தியாயம் ஆறு பக்கம்தான். பத்திரிகை ஆசிரியர் வயதானவர், நல்ல மனிதர். ஊர் வர்ணனை எங்கே என்று கேட்டு ஒரு கடிதம் எழுதினார். ஆனாலும் அச்சுக்குக் கொடுத்துவிட்டார். இதழ் வந்ததும் புரட்டிப் பார்த்தோம். அத்தியாயத்தின் முடிவில் ஆசிரியர் தாமாகவே இரண்டு வரி சேர்த்திருந்தார்: பெண்கள் நீராடும் துறையில் வாலிபர்கள் நின்று வேடிக்கை பார்ப்பது நல்லொழுக்கமன்று. என் கணவருக்குக் கோபம் வந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கொஞ்சநேரத்தில் அவரும் சிரித்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். எங்கள் வாசலில் ஒரு மாட்டுவண்டி நின்றது. ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா, காலடியில் ஒரு தார் வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்கள்.

"நீதான் இப்போ கட்டிட்டு வந்த பிள்ளையா?" என்று கேட்டார்கள்.

ஆமாம் என்றேன்.

"நான் களக்காட்டுலேருந்து வாரேன். மொதல்ல இங்கன வாக்கப்பட்டவளப் பெத்தவ."

உள்ளே கூட்டிக்கொண்டுபோய்த் தண்ணீர் கொடுத்தேன். எந்தப் பெற்றவளுக்கும் மகள் இருந்த இடத்தில் இன்னொருத்தியைப் பார்ப்பது லேசாக இருக்காது. ஊர்ச் சனங்கள் பார்க்க மகளைப் பற்றி அச்சில் போட்டுவிட்டார்களே என்று சண்டைக்கு வந்திருக்கிறார்களோ என்றும் பயந்தேன்.

அவர்கள் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்கள். அவர்கள் ஊர் உபதேசியார் அந்தப் பத்திரிகையை வரவழைப்பவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபின் சனங்களை உட்காரவைத்து வாசித்துக் காட்டுவாராம். "மாப்பிள்ளை எழுதுனதுன்னாரு. கதைதானேன்னு கேட்டுட்டு இருந்தேன். கன்னத்த உப்புவாள்னு வாசிச்சாரு. அதுக்கு மேல ஒண்ணும் காதுல விழல. அது எம் மவள்லா? சின்னப் பிள்ளையிலயே அப்படித்தான், செம்பக் கண்டாலும் செய்வா, கரண்டியக் கண்டாலும் செய்வா. மாப்பிள்ளைக்கு அது தெரியும்னு எனக்குத் தெரியாது." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். "முழுசும் கேக்கணும். எனக்கு வாசிக்கத் தெரியாது. நீ வாசிப்பியா?"

அவர் கோர்ட்டிலிருந்து வர இன்னும் நேரமிருந்தது. நான் வாசித்தேன். நிறைய வகுப்புகளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். அப்படிக் கேட்ட ஆளை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஓரிடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்கள்.

"எந்த இடுப்பு?"

"வலது இடுப்பிலே குடத்தை வைத்துக்கொண்டு, அப்படின்னு இருக்கு."

"இல்ல. எடது. சின்னதுல வலது கையில சூடு பட்டுட்டு. அந்தக் கைய மடக்கிக் குடத்த அணைக்கத் தோதுப்படாது. எப்பவும் எடது இடுப்புத்தான்."

அவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதியவர் இதில் எப்படித் தவறினார் என்று யோசித்தேன். பிறகு புரிந்தது. அவர் எதிரே நின்று பார்த்தவர். எதிரே நிற்பவர்களுக்கு இடது வலதாகத்தான் தெரியும். அவளுடைய பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் இந்த அம்மா ஒருவர்தான். நான் பென்சிலை எடுத்து, அச்சிட்ட பக்கத்தில் 'வலது' என்பதை அடித்து 'இடது' என்று எழுதினேன். அதை அவர்களிடம் காட்டினேன். எழுத்துத் தெரியாதவர்களானாலும் அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்கள்.

அவர் வந்தார். வாசலில் வண்டியைப் பார்த்தே யார் என்று தெரிந்துவிட்டிருக்கிறது; உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றார். நாலு வருஷமாக அவர் அந்த ஊர்ப்பக்கமே போகவில்லை. போக முகமில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

"வாங்க மாப்பிள்ளை," என்றார்கள் அந்த அம்மா. "ஒங்க வீட்டுல ஒங்கள நான் வாங்கன்னு கூப்பிட வேண்டியிருக்கு."

"அத்தை," என்றார் அவர். அந்த அம்மா எழுந்துபோய்ப் பழத்தாரிலிருந்து ஒரு சீப்பை அறுத்து, இரண்டு பழத்தை உரித்து அவர் கையில் ஒன்றும் என் கையில் ஒன்றும் கொடுத்தார்கள். நாங்கள் தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று தங்கி மறுநாள் புறப்பட்டார்கள். போகும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எத்தன மாசம்?" என்று கேட்டார்கள். எனக்கே அப்போதுதான் நிச்சயமாகியிருந்தது. அவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. "ஒனக்கு அம்மா இல்லையாமே. நான் வாரேன்," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்கள்.

சொன்னபடியே வந்தார்கள். ஏழாம் மாதம் வந்தவர்கள், பெண்பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழியும்வரை இருந்தார்கள். பிரசவத்துக்குப் பின் எனக்கு வெந்நீர் ஊற்றி, உளுந்தங்களி கிண்டிக்கொடுத்து, கோபம் வந்தால் ஏசவும் செய்தார்கள். ஒரு நாள் களியைப் பாதியில் வைத்துவிட்டேன். "ஏட்டி, தின்னுட்டி," என்று அதட்டினார்கள். என் அம்மா இறந்தபின் என்னை ஒருவரும் அந்த உரிமையோடு அதட்டியதில்லை. ஒரு வாய் மிச்சம் வைக்காமல் தின்றேன்.

கதை ஒன்பது அத்தியாயம் வந்தது. பிறகு ஆசிரியர் உடம்புக்கு முடியாமல் பத்திரிகையை நிறுத்திவிட்டார். என் கணவர் மிச்சத்தையும் எழுதி முடித்தார். புத்தகமாக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். அவர் அதற்கு முயற்சி எடுக்கவில்லை. பின்னால் வந்த அத்தியாயங்களில் மாமியார் கொடுமை, ஒரு திருட்டுக் கேஸ், ஒரு வெள்ளம் எல்லாம் இருந்தன. அவற்றை இப்போது படித்தால் சில இடங்கள் இட்டுக்கட்டியவையாகத்தான் தெரிகின்றன. அவரிடமும் அதை மறைக்காமல் சொல்லியிருக்கிறேன்.

பிள்ளைக்கு ஆறு மாதமானபோது அவளைத் தூக்கிக்கொண்டு களக்காட்டுக்குப் போனோம். நாங்கள் வந்திருக்கிறோம் என்று தெரிந்ததும் உபதேசியார் வந்துவிட்டார். அவர் பின்னால் தெருவே வந்துவிட்டது. எழுதியவரே வாசிக்கவேண்டும் என்றார்கள். அவர் கூச்சத்தோடு ஒரு பாயில் உட்கார்ந்து, புதிதாக எழுதிய அத்தியாயத்தை எடுத்தார். அதில் அவர்கள் ஊரைப்போல ஓர் ஊர் வரும்.

மூன்றாவது வாக்கியத்தில் ஒரு பெரியவர் கையைத் தூக்கினார். "குளத்துக்கு மேக்க பனை கெடையாது, புளிதான்." இன்னொருவர், அந்தப் புளியும் விழுந்து வருஷமாகிறது என்றார். விழவில்லை, வெட்டினார்கள் என்றாள் ஒரு பெண். யார் வெட்டினார்கள் என்பதில் பேச்சு வளர்ந்தது. என் மகள் அந்த அம்மாவின் மடியில் உட்கார்ந்து எல்லார் வாயையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் வாசிக்க முடியவில்லை. அவர் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் பைய சொல்லுங்க, பைய சொல்லுங்க," என்று கேட்டுக் கேட்டு ஓரத்தில் குறித்துக்கொண்டிருந்தார்.